சேலத்தில் விண்டோஸ் மாற்றக் கொடுத்தேன்: 9,500 ரூபாயும் போச்சு, டி டிரைவும் போச்சு

கை நடுங்கிக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். போனது போனதுதான் என்று நேற்று மதியம்தான் உறுதியாகத் தெரிந்தது. 9,500 ரூபாய் செலவு செய்து 13 வருடத்துக் கணக்கையும் போட்டோக்களையும் தொலைத்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. சேலம் டவுனில், லேப்டாப் சர்வீஸ், சிசிடிவி, பிரிண்டர் ரீஃபில் என்று வாசலில் போர்டு மாட்டிய ஒரு கம்ப்யூட்டர் கடை. அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கும். பெயர் தெரிவதைவிட என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

எங்களுக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. வீட்டில் இருப்பது 2019-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 8-ஆம் தலைமுறை ஐ3, 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி டிரைவில் விண்டோஸ் 10. டி டிரைவில் எங்கள் பிழைப்பு மொத்தமும். 2012-லிருந்து ஆட்களுக்குக் கொடுத்த கூலி, முன்பணம், காபி, மிளகு விற்ற கணக்கு எல்லாம் எக்செல்லில் அதில்தான். பட்டா, சிட்டா, பத்திரம் ஸ்கேன் செய்து வைத்திருந்ததும் அதில்தான். மகளின் காதுகுத்துப் போட்டோக்கள். அப்புறம் அம்மாவின் வீடியோ ஒன்று. 2018 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போனபோது எடுத்தது. குகைக்குள் குனிந்து போய்விட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் பேசுவார். நான்கு நிமிடம் இருக்கும். 2020-ல் அம்மா தவறிவிட்டார். எடுத்த போனும் எப்போதோ உடைந்துபோனது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது உங்களுக்குத் தெரியும். திரையில் அந்த அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால் பயம் வந்துவிட்டது. 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள வழி இருந்ததாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவசரப்பட வேண்டிய தேவையே இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கேபினட்டைப் பெரிய துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கினேன். வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் கேபினட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், டிஸ்க்குக்கு அடிபடக் கூடாதே என்று.

கடையில் முதலாளிப் பையனுக்கு முப்பது வயது இருக்கும். "வாங்கண்ணா, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டான், டீ வரவழைத்தான். ஏற்காட்டிலிருந்து வருகிறேன் என்றதும் மிளகு என்ன விலை போகிறது என்று விசாரித்தான். விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, சியை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க. டியை மட்டும் தொடக் கூடாது. வேற எங்கயும் காப்பி கிடையாது" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, தினம் பத்து சிஸ்டம் பண்றோம். சி மட்டும்தான் அடிப்போம், அதாவது அழிச்சுட்டுப் புதுசா ஏத்துவோம். டி அப்படியே இருக்கும்" என்றான். காப்பி எடுத்து வைக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா என்று நானே கேட்டேன். "எதுக்குண்ணா வீண் செலவு" என்றான். அதோடு விட்டானா, என் கண் முன்னால் ஒரு பேப்பர் டேப்பைக் கிழித்து, "டி டேட்டா வேணும்" என்று மார்க்கரில் எழுதிக் கேபினட் தலையில் ஒட்டினான். அந்த டேப்பைப் பார்த்ததும் என் சந்தேகமெல்லாம் அடங்கிவிட்டது. என் காசை மிச்சப்படுத்த நினைக்கிற பையன் என்று நம்பினேன்.

புதன்கிழமை வாங்கிக்கொண்டேன். விண்டோஸ் 11, லைசன்ஸோடு 3,500 ரூபாய். கடையில் ஆன் செய்து காட்டினான், புது டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. சி, டி இரண்டும் வரிசையாகத் தெரிந்தன. டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

ராத்திரி வீட்டில் டியைத் திறந்தால் காலி. பெயர் "நியூ வால்யூம்". உள்ளே ஒரு ஃபோல்டர்கூட இல்லை. கேபினட் தலையில் டேப் மட்டும் ஒட்டியபடியே இருந்தது.

உடனே போன் செய்தேன். "ஹிட்டன்ல இருக்கும்ணா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றான். பண்ணினேன். வியாழன் காலை, "அப்டேட் எல்லாம் முடியட்டும்ணா, தானா வந்துடும். நெட்டைப் போட்டு விட்டுடுங்க" என்றான். பகல் முழுக்க நெட்டைப் போட்டு வைத்தேன். சாயங்காலம் எடுத்த வேறொரு பையன், "மாஸ்டர் சைட்டுக்குப் போயிருக்காரு" என்றான். வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சனிக்கிழமை மறுபடியும் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அது காபி பறிப்பு நேரம், சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி நாள். யாருக்கு எவ்வளவு முன்பணம் பாக்கி என்பதும் அந்த டியில்தான் இருந்தது.

இந்தத் தடவை ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை. "சிஸ்டம் ஓடுதில்லண்ணா, அப்புறம் என்ன" என்றான். சத்தம் போட்டேன். அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து உண்மை வந்தது. "உங்க டிஸ்க் பழைய எம்பிஆர்ல இருந்துச்சு. ஜிபிடி ஆக்காம 11 ஏறாது. அதான் மொத்தமா அடிச்சோம். நீங்கதான் பேக்கப் எடுத்திருக்கணும்." டிஸ்க் வாங்கட்டுமா என்று கேட்டவனிடம் வீண் செலவு என்று சொன்னதும் இதே வாய்தான். பில்லைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப்: டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல. அந்த பில் என் கைக்கு வந்ததே காசு கொடுத்த பிறகுதான்.

"ரெக்கவரி பண்ணலாம்ணா, 6,000 ஆகும், முன்னாடியே கட்டணும்" என்றான். கட்டினேன். அம்மா வீடியோ கிடைத்தால் போதும் என்றுதான் கட்டினேன். 3,500-ம் 6,000-மும் ஆக 9,500.

ஐந்து நாள் வைத்திருந்தான். திரும்பி வந்தபோது அதே டி டிரைவுக்குள் "ரெக்கவரி" என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஆயிரக்கணக்கான ஃபைல்கள். பெயர் எதுவும் இல்லை, எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஏழெட்டு எண்களும்தான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். காதுகுத்துப் படத்தில் என் மச்சானின் முகமும் அவன் தோளும் தெரிகின்றன. அதற்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் நிறம். மடியில் இருக்க வேண்டிய மகள் அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டாள். எக்செல் ஃபைல்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. வீடியோக்களில் ஒன்றுகூட ஓடவில்லை.

நேற்று எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் எடுத்துப் போனேன். இந்தத் துறையில் வேலை பார்க்கிறவன். அவன் விளக்கிச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் கோபம் தலைக்கேறியது.

சி, டி என்று இரண்டாகக் காட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே காட்டுக்கு நடுவில் வரப்புப் போட்ட மாதிரி. எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற விவரம் ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும். அதுதான் பார்டிஷன் டேபிள். நம் ஊரில் புலப்படம் வைத்திருப்போமே, அது போல. எம்பிஆர் பழைய முறை: நான்கு பிரைமரி பார்டிஷன் வரைக்கும்தான் போடலாம், 2 டிபிக்கு மேல் எட்டாது. ஜிபிடி புது முறை. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ என்ற, கம்ப்யூட்டரைத் துவக்குகிற புது முறை வேண்டும், அதற்கு ஜிபிடி வேண்டும். கடைப் பையன் அதுவரை சொன்னது சரி. ஆனால் அதற்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதே இல்லை! எம்பிஆர்2ஜிபிடி என்று மைக்ரோசாஃப்டே 2017-லிருந்து விண்டோஸ் 10-க்குள் ஒரு கருவி வைத்திருக்கிறது. மூன்று பிரைமரி பார்டிஷனுக்கு மேல் இல்லாவிட்டால், உள்ளே இருக்கிற எதையும் தொடாமல் டிஸ்க்கை மாற்றித் தரும். என்னுடைய டிஸ்க்கில் இருந்தது சரியாக மூன்று: சி, டி, விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சின்னப் பகுதி ஒன்று. அதை ஓட்டிவிட்டு 10-லிருந்து 11-க்கு அப்கிரேட் கொடுத்திருந்தால் டியும் சியும் அப்படியே இருந்திருக்கும். ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருந்த எனக்கு அந்த அப்கிரேட் இலவசம்.

இன்னொன்றையும் கேளுங்கள். டிஸ்க்கை மொத்தமாக அடித்த அன்றைக்கும் டேட்டா அழியவில்லையாம். அழிந்தது அட்டவணைதான். புலப்படத்தைக் கிழித்துவிட்டால் நிலமா காணாமல் போகும்? அதன் மேல் வேறு ஆள் உழுது விதைத்தால்தான் போகும். அன்றைக்கே மெஷினை நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றியிருந்தால், புது விண்டோஸ் உட்கார்ந்த இடம் போக மீதியில் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். இலவச மென்பொருளிலேயே முடியும் என்கிறான். உழச் சொன்னது யார்? நெட்டைப் போட்டு விடச் சொன்னவன். அதன் பிறகு மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கிலேயே எழுதியது யார்? 6,000 வாங்கியவன். எடுக்கிற ஒவ்வொரு படமும் இன்னும் எடுக்காத ஒரு படத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடமாம்.

லைசன்ஸும் பொய். செட்டிங்ஸில் ஆக்டிவேஷனைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் செயல்படுகிறது என்று காட்டுகிறது. எனக்கு எந்த நிறுவனமும் கிடையாது. என் மதர்போர்டோடு இருந்த பழைய லைசன்ஸே தானாக ஏறியிருக்கும் என்கிறான் சொந்தக்காரப் பையன்.

அவன் இப்போது டிஸ்க்கைக் கழற்றி, முழுசாக ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் தேடிக்கொண்டிருக்கிறான். இதுவரை இரண்டு வருடத்துக் கூலிக் கணக்கு கிடைத்திருக்கிறது. அம்மா வீடியோ இருந்த இடம் முழுக்க மேலே எழுதப்பட்டுவிட்டது, நம்பிக்கை வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டான்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் 9,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "வேலை செஞ்சதுக்குத்தான வாங்கினோம்" என்றான். நான் நிற்கும்போதே இன்னொருவர் லேப்டாப்போடு வந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று அதே ஸ்டூல். அவரை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டி டிரைவ் பேக்கப் ஆகாது, அது அதே டிஸ்க்தான். மெஷினைக் கொடுப்பதற்கு முன் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், எவன் வேண்டாம் என்றாலும் எடுங்கள். விண்டோஸ் ஏற்றும் திரையில் சி, டி என்ற எழுத்தே வராது, டிரைவ் 0 அல்லது டிஸ்க் 0, பார்டிஷன் 1, 2, 3 என்றுதான் வரும். அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும், டெலீட் அழுத்துவதற்கு முன் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள். எஸ்எஸ்டியாக (உள்ளே சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) இருந்தால் இன்னும் மோசம், அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், மீட்பது ஏறக்குறைய முடியாது. டேட்டா காணோம் என்றால் அந்த நொடியே பவரை நிறுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். காசு கொடுப்பதற்கு முன் பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம், அங்கேயும் கொடுக்கப் போகிறேன். பில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கேபினட்டில் ஒட்டிய அந்த டேப்பையும் பிய்க்கவில்லை, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.