கத்திக்கூட்டுக்கு எதைப் பூசலாம்: தேங்காய் எண்ணெயா, லின்சீட்டா, வார்னிஷா, ரெசினா?

மட்டக்களப்பில் கத்திக்கும் உளிக்கும் பலகையைக் குடைந்து ஒட்டி மரக்கூடு (உறை) செய்கிறவர் இரண்டு காலங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டும். கோடையில் கச்சான் காற்று. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றில் பலகை சுருங்கும், ஒட்டு விடும். மாரியில் ஊதிக் கத்தியைக் கவ்விப் பிடித்த கூடு, கச்சானில் தளர்ந்து கத்தியை நழுவவிடும். விரலையோ தொடையையோ வெட்டுவது அந்தத் தளர்ந்த கூடுதான். அதனால் பூச்சைப் பார்க்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். இந்த ஊதலையும் சுருக்கத்தையும் அது எவ்வளவு அடக்குகிறது, பழுதுபட்டால் வீட்டிலேயே திருத்த முடியுமா என்று பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனால் முதலில் கை அதற்கே போகிறது. ஆனால் அது காயாத எண்ணெய். ஓர் எண்ணெய் காற்றுப் பட்டு இறுகுமா என்பதை அயடின் எண் காட்டும்: எண் கூடினால் இறுகும், குறைந்தால் இறுகாது. தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரை. லின்சீட் எனும் ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் எண்ணெயாகவே கிடக்கும். தூசியைப் பிடிக்கும், சிக்கு நாற்றம் எடுக்கும், இரண்டு மழையில் கழுவுப்பட்டுப் போகும். பூச்சி வராது என்று வேப்பெண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. அதுவும் இறுகாது, பிசுபிசுக்கும். இரண்டையும் கத்தியின் இரும்பில் துரு பிடிக்காமல் மெல்லத் தடவலாம். கூட்டுக்கு வேண்டாம்.

லின்சீட் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து மரத்தின் நாருக்குள்ளேயே இறுகுகிறது. பச்சை லின்சீட் இறுக வாரக்கணக்கில் எடுக்கும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் 'காய்ச்சிய' லின்சீட்டில் உலோக உப்புகள் கலந்திருப்பதால் ஓரிரு நாளில் காயும், மாரியில் இன்னும் சுணங்கும். சமையல் கத்திக்கூட்டுக்கு அந்த உப்புகள் வேண்டாம், பச்சை எண்ணெயைப் பூசிப் பொறுத்திருங்கள். மெல்லத் தடவி, அரை மணி நேரத்தில் மிச்சத்தை நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் மறுபடி. இப்படி நாலைந்து தடவை.

இதற்கு மேலே தேன்மெழுகு. மூன்று பங்கு லின்சீட்டில் ஒரு பங்கு மெழுகைச் சீவிப்போட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள். மெழுகு 62–64 பாகையில் உருகிவிடும், நேரடி நெருப்பு தேவையே இல்லை. காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் அடை மெழுகு கேட்டு வாங்கலாம். தேன்நாடு என்று பெயரெடுத்த மட்டக்களப்பில் அதற்குத் தட்டுப்பாடில்லை. ஒரு எச்சரிக்கையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்தது வார்னிஷ். நேர்மையாகச் சொன்னால், ஈரத்தைத் தடுப்பதில் வார்னிஷ் எண்ணெயை விட மேல். எண்ணெய் தண்ணீர்த் துளியைத் தள்ளும், காற்றிலுள்ள ஈரத்தை அதிகம் தடுக்காது. வார்னிஷின் படலம் அதையும் மட்டுப்படுத்தும். படகுக்குப் பூசும் வகை இன்னும் நல்லது: நெகிழும், வெயிலையும் ஓரளவு தாங்கும். அப்படியிருந்தும் கத்திக்கூட்டுக்கு நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டுக்கு வாய் திறந்திருக்கிறது. ஈரம் கத்தியோடு உள்ளே போகும். உட்புறம் வெறும் மரமாகவும் வெளிப்புறம் அடைபட்டும் இருந்தால், உள்பக்கம் மட்டும் ஊதிப் பலகை வளையும், ஒட்டு பிளக்கும். வயலிலும் தோட்டத்திலும் முட்டி மோதும் கூட்டில் படலம் எங்காவது வெடிக்கும். வெடிப்பால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியின்றி உள்ளே புழுங்கும், படலம் செதில் செதிலாக உரியும். பிறகு முழுவதையும் சுரண்டித் தேய்த்துத்தான் திரும்பப் பூச முடியும். எண்ணெய்க்கூடு என்றால் வெளுத்த இடத்தில் ஒரு துணியும் கொஞ்ச நேரமும் போதும்.

வாழைச்சேனைப் பக்கம் பைபர் படகு வேலை நடப்பதால் ரெசினும் கைக்கு எட்டுகிறது. படகுக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசின், எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் சரியாக ஒட்டாது. எப்பொக்சி எனும் மற்ற ரெசின் நன்றாக ஒட்டும். ஆனால் வெயிலில் மாவுபோல் வெளுக்கும், மேலே பெயின்ட் வேண்டும். கூட்டின் உள்ளும் புறமும் முழுக்க எப்பொக்சி ஊட்டினால் மேலே சொன்ன வளைவு வராது, அது அதன் பெரிய நன்மை. விலையும் உழைப்பும் ஒரு சாதாரணக் கத்திக்குத் தகுமா என்பது உங்கள் கையில். கஜுக்கொட்டைத் தோட்டு எண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். மரத்தைக் காக்கும் வலிமை அதற்கு உண்டு, ஆனால் தோலைப் புண்ணாக்கும். கையில் பிடிக்கும் பொருளுக்கு ஆகாது.

உட்புறத்துக்கு என் தீர்ப்பு: எப்பொக்சி தவிர வேறெதையும் பூசாதீர்கள். இறுகாத எண்ணெய் கத்தியில் ஒட்டும், படலம் உராய்ந்து உரியும். வெறும் மரம் இருக்கட்டும். நுனியில் பென்சில் கூர் அளவுக்கு ஒரு துளை போடுங்கள், தண்ணீர் வடியும், காற்றும் போகும்.

மரத்தேர்வு பூச்சை விட முக்கியம் என்றே நினைக்கிறேன். புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த மரம் இரும்பைக் கறுப்பாக்கித் தின்னும். மருது போன்ற துவர்ப்பு மரங்களை ஒதுக்கிவிடுங்கள். பாலையும் முதிரையும் உறுதிதான், குடையும் உளியின் கூர் போய்விடும். தேக்கு நல்லது, அதன் சிலிக்கா உளியை மழுக்கினாலும். எனக்குப் பிடித்தது வேலியில் நிற்கும் பூவரசு: இழை நெருக்கம், தண்ணீர் தாங்கும், காய்ந்தபின் அதிகம் அசையாது. எந்த மரமானாலும், பலகையின் முனையில் வளையக் கோடுகள் நிமிர்ந்து தெரியும்படி அறுத்ததை ஓடாவியிடம் கேளுங்கள். பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது தேக்கு அந்தப் போக்கில் 2.5 வீதமே சுருங்கும், மற்றப் போக்கில் 5.8 வீதம். அந்த வித்தியாசத்தை எந்தப் பூச்சாலும் ஈடுகட்ட முடியாது.

ஒட்டுவதற்கு யப்பானியர் வாளுறைகளில் சோற்றுப் பசை போடுவார்கள், பிளந்து துப்புரவு செய்து திரும்ப ஒட்டுவதற்காக. நம் மாரியில் அது நிற்காது. தண்ணீர் தாங்கும் கம் போட்டு, இரண்டு மூன்று இடத்தில் செம்புக் கம்பியால் கட்டுங்கள். சாதாரண வெள்ளை பைண்டர் கம் நனைந்தால் இளகும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலுக்கும் காட்டுக்கும் போகிறவருக்குப் பூவரசுக் கூடும் லின்சீட்டும் மெழுகும் போதும். ஒவ்வொரு மாரிக்கும் முன்னே, ஐப்பசிக்குள் ஒரு பூச்சு போட்டுவிட வேண்டும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கடலுக்குப் போகிறவருக்கு மரக்கூட்டையே நான் சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீர் ஊறிய மரம் கத்தியின் பக்கத்தில் எப்போதும் ஈரமாகவே இருக்கும், எந்தப் பூச்சும் அதைத் தீர்க்காது. பி.வி.சி. குழாயைச் சுடுநீரிலோ சூடான காற்றிலோ இளக்கித் தட்டையாக்கி அமுக்கிச் செய்த கூடு அவருக்கு மேல். நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள், கருகினால் வரும் புகை நஞ்சு. வீடு வந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கூட்டுக்கு வெளியே மாட்டி வைக்க வேண்டும்.