2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: மாவு விற்க எவ்வளவு தாங்கும்?

சேலத்தில் கைமுதல் இல்லாமல் தொடங்கக்கூடிய உபதொழில் எது என்று கேட்டால், இட்லி மாவு முதல் இரண்டு மூன்றுக்குள் வந்துவிடும். முக்கியமான முதலீடு ஏற்கெனவே அடுப்படியில் இருப்பதுதான் காரணம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தில் வந்ததோ, கல்யாணச் சீரில் வந்ததோ, ஏதாவது ஒரு டேபிள் டாப் கிரைண்டர் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்கு ஆட்டுவதற்காகச் செய்த பொருள். விற்பனைக்கு ஆட்டினால் தினம் இரண்டு ஈடு வரை நன்றாகவே தாங்கும். மூன்றாவது ஈட்டுக்கு இழுத்தால் பெல்ட்டும் மோட்டாரும் சீக்கிரம் செலவு வைக்கும்.

அட்டையில் 2 லிட்டர் என்று போட்டிருக்கிறதே என்று டிரம்மை நிரப்பிவிடக் கூடாது. ஒரு ஈட்டுக்கு 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இதுவே சரியான பாரம். அரிசியை நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். உளுந்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போதும். முதலில் உளுந்தைத் தனியாக ஆட்டி வழித்துவிட்டுப் பிறகு அரிசியைப் போட வேண்டும். உளுந்துக்குக் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து 25 நிமிடம் விடுங்கள். மொத்தம் 350 முதல் 400 மில்லி பிடிக்கும். ஒரு துளி எடுத்து நீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டலாம். அதன் பிறகும் எழும்பாவிட்டால் அது பழைய உளுந்து, கிரைண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக வாங்குகிறவர்களும் முதலில் ஒரு கிலோ வாங்கி ஆட்டிப் பார்த்த பிறகே மூட்டை எடுப்பது நல்லது. உடைத்த பருப்பைவிட முழு வெள்ளை உளுந்து கூடுதலாகக் காணும். ரேஷன் அரிசியை மட்டும் விற்பனை மாவில் சேர்க்கவே வேண்டாம்; அது குற்றம்.

அரிசிக்கு இன்னொரு 30 நிமிடம். கழுவித் துடைப்பதோடு சேர்த்து ஒரு ஈடு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கிடைப்பது ஏறக்குறைய 2.4 கிலோ மாவு. அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உப்பும் வெந்தயமும் சேர்த்து ஓர் ஈட்டுக்கு 70 ரூபாய் ஆகும். மாவைக் கிலோ 50 ரூபாய்க்குக் கொடுத்தால் 120 ரூபாய் வரும், 50 ரூபாய் நிற்கும். இரண்டு ஈடு என்றால் நாளுக்கு 100, மாதம் 25 நாள் ஓடினால் 2,500. 150 வாட் மோட்டார் என்பதால் மின்சாரம் பெரிய செலவில்லை. வாடிக்கையாளர் தூக்குப் பாத்திரத்தோடு வந்தால் கவர் செலவும் கிடையாது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருப்பதால் அதுவே சிக்கலில்லாத வழி. உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய். எடை போட்டு விற்பதற்கு முத்திரையிட்ட தராசு வேண்டும், சமையலறைத் தராசு செல்லாது. பணம் போட்டு வாங்க வேண்டியது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

கிரைண்டர் எங்கே படுக்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய அரிசி முழுவதையும் கொட்டிவிட்டுச் சுவிட்சைப் போடுவதுதான் பெரிய தவறு. பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். டிரம் சுற்றத் தொடங்கிய பிறகு சிறிது நீர் விட்டு, கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். மோட்டார் உறுமுகிறது, டிரம் நகரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், மாற்றுவது சின்னச் செலவு. அப்படியே ஓடவிட்டால் காயில் எரிந்து பெரிய செலவாகிவிடும். கழுவும்போது டிரம்மை அப்படியே வைத்து நடுத்தண்டின் மேல் நீரை ஊற்றினால் பேரிங் துருப்பிடிக்கும். கிறீச்சென்ற சத்தம் முதலில் வரும், பிறகு மாவில் கறுப்பு மசி இழையும். அந்த ஈட்டை விற்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். இரண்டு ஈட்டுக்கு நடுவே மோட்டாருக்கு 20 நிமிடம் ஓய்வு கொடுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் வியாபாரப் பயன்பாட்டுக்குச் செல்லாது, அட்டையைப் படித்துவிடுங்கள்.

மாலையில் சேலத்துச் சிற்றுண்டியான தட்டுவடை செட் போடுகிறவர்கள் பூண்டு மிளகாய்ச் சட்னியையும் இதே கல்லில் ஆட்ட நினைப்பதுண்டு. வேண்டாம். கல்லில் பூண்டு வாடை ஏறினால் மறுநாள் மாவிலும் அது வரும். சட்னிக்கு மிக்சி போதும்.

ஒரே மாவு, ஒரே கல்லாக இருந்தாலும் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலுக்கு ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். அதனால் மாலையில் ஆட்டிய கையோடு புளிக்காத மாவாகக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. வாங்கியவர் தன் வீட்டிலேயே புளிக்க வைத்துக்கொள்வார். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டுக்குப் போனால் நேர்மாறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், 14 மணி நேரமானாலும் பொங்காமல் இருக்கும். அங்கே வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்து, மறுநாள் புளித்த மாவாக விற்பதே நடக்கும். உளுந்து ஆட்டும்போது மின்சாரம் போய்விட்டால் எழும்பிய நுரை அமுங்கிவிடும், அதை இட்லிக்குக் கொடுக்காமல் தோசை மாவாகக் கொடுக்கலாம்.

மூன்று மாதம் தொடர்ந்து பத்து வீடாவது வாங்கினால்தான் டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்கும் பெரிய டில்டிங் கிரைண்டரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் கடன் வாங்கிப் போடாதீர்கள். பழையது கிடைத்தால் கடையிலேயே ஊறிய அரிசி போட்டு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். குழவியைக் கையால் தடவுங்கள், கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தால் கல் கொத்த வேண்டியிருக்கும், அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.