கோர் கட்டிங் என்று பேசிவிட்டு உளியோடு வந்தார்கள்: வேஸ்ட் பைப்புக்குச் சுவரில் துளை போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

சமையலறையில் சிங்கை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். பழைய கழிவுநீர்க் குழாயோடு இணைக்க வழியில்லாததால், வெளிச்சுவரில் புதிதாக ஒரு துளை போட்டு 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒழுங்காகச் செய்தால் அரை நாளில் முடிகிற வேலை. எங்களுக்கு எட்டு மாதம் இழுத்தது. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

துளை போடக் கூப்பிட்ட ஆள் போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கோர் கட்டிங்தானே சார், மெஷின் இருக்கு. வட்டமா வந்துடும், சுவர் அதிராது." கோர் கட்டிங்குக்கான கூலியைப் பேசி, பாதியை முன்பணமாகவும் கொடுத்தோம். வேலைக்கு வந்த அன்று இரண்டு பேர் கையிலும் இருந்தது சுவரை இடிக்கும் ஒரு பிரேக்கர், ஒரு உளி, ஒரு சுத்தியல். மெஷின் எங்கே என்று கேட்டேன். "பிட் தேஞ்சுபோச்சு சார், செங்கல் சுவர்தானே, இதுலயே பண்ணிடலாம்" என்றார். வேலையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு நாளாகப் பாத்திரங்களைக் குளியலறையில் கழுவிக்கொண்டிருந்தோம், வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு அன்று சரியாகத் தெரியாது. கோர் பிட் என்பது உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஒரு உருளை. அதன் விளிம்பில் வைரத்துகள் பதித்த பற்கள் இருக்கும். அது சுவரை இடிப்பதில்லை, சுழன்று சுழன்று தேய்த்து அறுக்கிறது. நடுவில் உள்ள செங்கல் ஒரு உருளைத் துண்டாகக் கழன்று வந்துவிடும். பிரேக்கரும் உளியும் அப்படி இல்லை, அடித்து உடைக்கிறவை. ஒரு பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போனால் மறுபக்கத்தை நெருங்கும்போது, பின்னால் தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் வெளிப்பூச்சும் செங்கல் முனைகளும் மொத்தமாகப் பெயர்ந்து விழும். உள்ளே பார்த்தால் சின்ன ஓட்டை, வெளியே பார்த்தால் பெரிய பள்ளம்.

எங்கள் வீட்டில் நடந்தது அதேதான். ஆனால் எங்களுக்குத் தெரியவிடவில்லை. தூசி பறக்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். சமையலறை மாடியில் இருப்பதால் வெளிப்பக்கத்தைப் பார்க்க ஏணி வேண்டும். கூப்பிட்டுக் காட்டும்போது குழாய் பொருத்தி, சுற்றிலும் சிமென்ட் பூசி, ஈரத்துணியால் துடைத்தும் வைத்திருந்தார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டார், போனது. மீதிக் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், அதுவும் கோர் கட்டிங்குக்குப் பேசிய கூலியை முழுசாக.

இரண்டு மாதத்தில் சிங்கில் நாற்றம் வர ஆரம்பித்தது, தண்ணீரும் மெதுவாக இறங்கியது. சிங்குக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாயான டிராப்பை இரண்டு முறை மாற்றினோம், பயனில்லை. அடுத்த மழையில் சிங்குக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறியது. பெயின்ட் கொப்புளித்து, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. அவரையே கூப்பிட்டோம். "மழைக்காலத்துல எல்லா சுவரும் இப்படித்தான் சார்" என்று சொல்லி, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். துளைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதன் மேல் பெயின்ட் அடித்தார். அடுத்த மழையில் அந்தப் பெயின்டும் உரிந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

கடைசியில் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். எதையும் உடைப்பதற்கு முன்னால், சிங்கைப் பத்து நாள் பயன்படுத்தாமல் வையுங்கள் என்றார். வைத்தோம். நடுவில் ஒரு நாள் மழை பெய்தது, சிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே ஓதம் கூடியது. அப்படியானால் சுவருக்குள் வருவது குழாய்த் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர் என்றார். அப்புறம் ஏணி போட்டு ஏறி, வெளிப்பூச்சைச் சுத்தியல் பிடியால் தட்டினார். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். லேசாகப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து சிமென்ட் சாக்குக் காகிதம் உருண்டை உருண்டையாக வந்தது. கூடவே கலவை படாத செங்கல் துண்டுகள். ஏறக்குறைய ஒரு அடி அகலத்துக்குச் சுவர் பெயர்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் காகிதத்தைத் திணித்து, மேலே விரல் கனத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். வெயிலில் அந்தப் பூச்சு வெடித்து, மழைநீர் நேராக உள்ளே இறங்கிக் காகிதத்தில் ஊறி நின்றிருக்கிறது.

நாற்றத்துக்குக் காரணம் வேறு. குழாய் மேல் ரசமட்டம் வைத்துக் காட்டினார். வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருந்தது. உளியால் கொத்திய துளையில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே குழாயைச் சொருகியிருக்கிறார்கள். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தலைகீழ். கழுவிய தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் குழாய்க்குள்ளேயே தேங்கி நின்றிருக்கின்றன. இந்தக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் வைத்தால் நல்லது என்றார். ஒன்பது அங்குலச் சுவர், பூச்சோடு சேர்த்து 260 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கனத்துக்குள் வெளிப்பக்கம் ஆறு ஏழு மில்லிமீட்டர் தாழ்ந்தால் போதும். ஒரு பென்சில் கனம். அதைப் பார்க்காமல்தான் இரண்டு டிராப்புக்குப் பணம் செலவழித்தோம்.

இன்னொன்றும் காட்டினார், அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. மேலே இருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர்கீழாக வயர் குழாய் ஒன்று சுவருக்குள் இறங்குகிறது. உளி கொத்திய தடம் அதிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் நின்றிருந்தது. வயர் எங்கே போகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மெயினை அணைக்கவும் இல்லை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை போட வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் பட்டை), பில்லர், பீம் பக்கம் வந்தாலும் அப்படித்தான். உள்ளே கம்பி இருக்கும், அதை அறுப்பது கட்டடத்தின் தாங்கும் பலத்தில் கை வைப்பது. ஒரு குழாய்க்காக அதைச் செய்ய யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

சரிசெய்த வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பள்ளத்தைச் சுத்தம் செய்து, நனைத்து, செங்கலும் கலவையும் வைத்துக் கட்டி, ஒரு வாரம் தண்ணீர் விட்டார். பிறகு கோர் மெஷின் வைத்திருக்கும் ஆளை அவரே கூட்டி வந்தார். முதலில் நீள பிட்டால் மெல்லிய துளை ஒன்றை மறுபக்கம்வரை போட்டு, வாட்டம் சரிதானா என்று பார்த்தார்கள். அதையே மையமாக வைத்து 68 மில்லிமீட்டர் கோர் பிட்டால் உள்ளேயிருந்து பாதி, வெளியேயிருந்து பாதி அறுத்தார்கள். வெளிப்பூச்சில் ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. குழாயைச் சொருகுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, துளை வழியாகப் பார்க்கச் சொன்னார். மறுபக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது.

துளைக்குள் முதலில் உறையாக 63 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்தார். அதன் வெளிப்புறத்தில் பிவிசி ஒட்டும் சொல்யூஷன் தடவி மணல் தூவினார், இல்லாவிட்டால் வழவழப்பான பிவிசியைக் கலவை பிடிக்காது. உறைக்குள் எங்கள் குழாய், இடையில் உள்ள சந்தில் சீலன்ட். குழாயைச் சுவரோடு இறுக்கிப் பூசக் கூடாதா என்று கேட்டேன். சுடுதண்ணீர் ஊற்றினால் குழாய் நீளும், ஆறினால் சுருங்கும், இறுக்கிப் பூசினால் அந்த இடத்தில் கீறல் விழும் என்றார்.

முதலில் வந்தவருக்கு, பெயர்த்து எடுத்த காகிதத்தையும் பள்ளத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை. கோர் கட்டிங் என்று பேசினால், ஆள் வாசலுக்கு வந்ததும் முதலில் பிட்டைக் காட்டச் சொல்லுங்கள். குழாய் சொருகுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெளிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சரி. நான் அந்தப் படத்தை அன்றே கேட்டிருந்தால், காகிதம் திணிக்க அவருக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

நாற்றம் நின்றுவிட்டது. சுவர் இன்னும் முழுசாகக் காயவில்லை. பெயின்ட் எப்போது அடிக்கலாம் என்று கொத்தனாரிடம் கேட்டேன். உப்பைத் துடைத்துவிட்டு ஒரு கோடை போகட்டும் என்றார். காத்திருக்கிறோம்.