பயணத்தில் ஃபிலிம் கழுவ: ரோடினாலா, பவுடரா, மோனோபாத்தா?

வீட்டில் டெவலப்பர், அதாவது ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம், தேர்ந்தெடுக்கும்போது கிரெயினை, படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளை, பார்ப்போம். லாட்ஜ் குளியலறையில் கேள்விகளே வேறு: பைக்குள் ஒழுகுமா, தண்ணீர்ச் சூட்டைத் தாங்குமா? 35 மி.மீ. ஹெச்பி5 பிளஸ் கருப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல், 300 மி.லி. பிடிக்கும் ஒற்றை ரீல் டேங்க் என்று வைத்துக்கொள்வோம்.

ரோடினால் என்ற திரவ டெவலப்பர் 1891-லிருந்து புழக்கத்தில் இருப்பது. 1+50 (ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர்) கலவைக்கு ரோலுக்கு 6 மி.லி. போதும், ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கலாம். 60 மி.லி. குப்பியில் பத்து ரோல் முடியும். பாதி காலியான குப்பியிலும் வருஷக்கணக்கில் கெடாது, காபி நிறத்துக்கு மாறினாலும் வேலை செய்யும். 20 டிகிரியில் 11 நிமிஷம், 23-ல் எட்டேகால். வெயில் ஊர்களில் இந்த நீண்ட நேரம்தான் காப்பாற்றும். ஹெச்சி-110 என்ற இன்னொரு திரவ டெவலப்பருக்கு வழக்கமான 1+31-ல் 20 டிகிரிக்கே 5 நிமிஷம்தான். சூடு ஏறினால் மூன்று, மூன்றரை ஆகும். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஊற்றி வடிக்கும் தாமதமே படத்தில் திட்டாக விழும். ரோடினாலின் குறை, கிரெயின் தூக்கலாகத் தெரிவது. அதில் அரிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருப்பதால் விமானத்துக்கு ஆகாது.

விமானம் ஏறுபவர்களுக்கு டி-76 டெவலப்பர் பவுடர், பிரிக்காத பாக்கெட்டாக. பாதியை மட்டும் கரைக்க நினைக்காதீர்கள்: அதிலுள்ள மெட்டால் என்ற டெவலப் செய்யும் பொருள் ஒரு பாதியில் கூடும், மறுபாதியில் குறையும். கரைக்க 50–55 டிகிரி வெந்நீர் வேண்டும். கெட்டிலில் கொதித்தது ஒரு பங்கு, 28 டிகிரிக் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். 750 மி.லி.யில் கரைத்து லிட்டராக்கி ஆறவிடுங்கள். 1+1-ல் ஆறு ரோல், 20 டிகிரியில் 11 நிமிஷம். லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவதுதான் தொல்லை. ஒரே இடத்தில் தங்குபவர்களுக்குச் சரி.

மோனோபாத்தில் டெவலப்பரும், படமாகாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸரும் ஒரே கரைசலில் போட்டி போடுகின்றன. டிஎஃப்96 என்ற மோனோபாத் என்றால் 27 டிகிரியில் விடாமல் ஆட்டி 3 நிமிஷம். தண்ணீர் குளிர்ந்தால் படம் வருமுன் ஃபிக்ஸர் வெள்ளி உப்பைக் கரைத்துவிடும், நெகட்டிவ் மெலியும். புஷ் செய்யவும், அதாவது குறைந்த வெளிச்சத்தில் எடுத்ததைக் கூடுதலாக டெவலப் செய்யவும், அதிக இடமில்லை. ஒரே பாட்டில் என்பதுதான் அதன் பலம்.

மற்ற இரண்டுக்கும் ஃபிக்ஸர் தனி. டெவலப்பரைவிட அதற்குத்தான் பையில் இடம் அதிகம் போகும். ஃபிலிம் நாக்கை, ரோலின் தொடக்க நுனியை, ஒரு துண்டு வெட்டி ஃபிக்ஸரில் போட்டு, தெளிய எத்தனை நிமிஷமோ அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் பாட்டில் தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ந்தால் ஃபிலிமின் படப் பூச்சான எமல்ஷன்மேல் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்.