காலையில் கொடுத்த மோஷனுக்குச் சாயங்காலமே கல்ச்சர் ரிப்போர்ட்டா? மதுரைக்காரர்கள் கவனிக்க

போன மாதம் அழகர்கோவிலில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வயது 68. முதல் நாள் தண்ணீராகப் போனதால் மோர், கஞ்சி, ஓஆர்எஸ் என்று வீட்டிலேயே சமாளித்தோம். இரண்டாம் நாள் காய்ச்சலோடு ரத்தமும் சீதமும் கலந்து போகவே, திருநகரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினோம். அவர் மாத்திரை எழுதிவிட்டு, கூடவே மோஷன் டெஸ்டும் கல்ச்சரும் (மலத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதினார். "சாம்பிளைக் குடுத்துட்டு அப்புறம் மாத்திரையை ஆரம்பிங்க. ஆன்டிபயாடிக் உள்ள போயிட்டா கிருமி வளராது" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மெயின் ரோட்டில் ஒரு லேப். பெயர் எழுதப் போவதில்லை. ஏசி, சோபா, போர்டில் பெரிதாக என்ஏபிஎல் (லேபுகளுக்குத் தரும் தேசிய அங்கீகாரம்). காலை எட்டு மணிக்கு டப்பாவைக் கொடுத்தேன். 1,100 ரூபாய். கவுன்டரில் இருந்த பையன் அதை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தான். பதினொன்றரைக்கு, விட்டுப்போன ஒரு பில்லை வாங்கத் திரும்பப் போனபோதும் டப்பா அதே ஜன்னலில் வெயில் பட்டுக்கொண்டு இருந்தது. கேட்டதற்கு, "மெயின் லேபுக்குப் போற வண்டி இப்ப வந்துரும் சார்" என்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது. 'ஈ கோலை அதிக அளவில் வளர்ந்துள்ளது' என்று போட்டு, கீழே 14 மருந்துகளுக்கு எது கேட்கும், எது கேட்காது என்று அட்டவணை. டாக்டர் எழுதிய மருந்துக்கு நேராக 'ஆர்'. அதாவது கேட்காது. போன் செய்தால் லேப்காரர், "அந்த மாத்திரையை நிறுத்திருங்க, ரிப்போர்ட்டைக் காட்டி பக்கத்து மெடிக்கல்ல வேற வாங்கிக்கங்க" என்றார். அன்று ஞாயிறு, சாயங்காலம் டாக்டர் இல்லை. நானும் வாங்கினேன். புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா எழுந்து நிற்க முடியாமல் அட்மிட் ஆகி, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் முதலில் திட்டினார். மீதியை விளக்கியது என் சித்தி மகள். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு வெளியூரில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். "என்னண்ணே, காலையில நாத்துப் பாவி சாயங்காலம் கதிர் அறுத்திருக்காய்ங்க?" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது இது. சாம்பிளைத் தட்டில் பூசி 37 டிகிரியில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தால்தான் கிருமி கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளரும். அதில் சந்தேகப்படும் புள்ளியை எடுத்து என்ன கிருமி என்று சோதிக்க அடுத்த நாள் ஆகும். எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க, மருந்து தோய்த்த வட்டுகளை வைத்து இன்னொரு ராத்திரி காத்திருக்க வேண்டும். சாதாரணமாக இரண்டு மூன்று நாள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மோஷன் டெஸ்ட் வேறு. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் எந்த பாக்டீரியா என்று சொல்லாது.

அடுத்து ஈ கோலை. அது நம் எல்லோர் குடலிலும் இருப்பது. அதில் சில வகைகள் பேதியை உண்டாக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வகைதானா என்று பார்க்கத் தனிச் சோதனை வேண்டும். மலத்தில் வெறுமனே ஈ கோலை வளர்ந்தது என்பது, வைகை மணலில் மணல் கிடைத்தது என்பது போல. ரத்தபேதிக்குக் கல்ச்சர் செய்தால் முக்கியமாகத் தேடுவது ஷிகெல்லா, சால்மோனெல்லா மாதிரியான கிருமிகளை. காலரா சந்தேகம் என்றால் விப்ரியோவை. இருக்கிறதா இல்லையா என்று ரிப்போர்ட்டில் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். அதிலும் ஷிகெல்லா சீக்கிரம் செத்துவிடும் ஜாதி. சாம்பிள் ஓரிரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கேரி பிளேர் என்ற, கிருமியைச் சாகாமல் காக்கும் கூழில் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் டப்பா மூன்றரை மணி நேரம் ஜன்னலில் வெயில் காய்ந்தது.

கடைசியாக அவளே ஒரு யோசனை சொன்னாள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அதே லேபில் முந்தின மாதம் யூரின் கல்ச்சர் எடுத்திருந்தார். வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே 14 மருந்துகள், அதே வரிசை, 'எஸ்' (கேட்கும்), 'ஆர்' ஒன்றுகூட மாறவில்லை. ஒரே மருந்துப் பெயரில் ஒரே எழுத்துப்பிழை வேறு!

என்ஏபிஎல் போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தெந்த டெஸ்ட் என்று பட்டியல் போட்டுத்தான் கிடைக்கும். அந்தப் பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம். இந்த லேபின் பட்டியலில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இருக்கிறது. கல்ச்சர் இல்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி கல்ச்சர் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து எதுவும் வளரவில்லை என்று வந்தது. அதற்குள் இரண்டு வகை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்ததே, எப்படி வளரும்? அம்மாவுக்கு வந்தது எந்தக் கிருமி என்று இனி யாருக்கும் தெரியாது. இப்போது நன்றாக இருக்கிறார், எடைதான் நாலு கிலோ குறைந்துவிட்டது.

யாராவது கல்ச்சர் கொடுக்கப் போனால், பணம் கட்டும் முன் "ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று மட்டும் கேளுங்கள். சாயங்காலமே என்றால் டப்பாவோடு வெளியே வந்துவிடுங்கள். சும்மா தண்ணீராகப் போகிற எல்லாப் பேதிக்கும் கல்ச்சர் தேவையும் இல்லை, அதை டாக்டர் சொல்லட்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் எழுதியிருக்கிறேன். லேபில் முதலில் "சிஸ்டம் எரர்" என்றார்கள். அப்புறம், ஒரிஜினல் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 1,100 ரூபாயும் திருப்பித் தருகிறோம் என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். ரிப்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.