பி.டி.எஃப், ஈபப், பிரெய்ல், ஒலி: ஒரு தொகுப்பை யாருக்கு எப்படிக் கொடுப்பது?

வெள்ளவத்தையில் எங்கள் சிறிய வாசகர் வட்டம் தன் சிறுகதைத் தொகுப்பை மின்னூலாக வெளியிட முற்பட்டபோது, அச்சகத்துக்குக் கொடுத்த பி.டி.எஃப் கோப்பையே எல்லோருக்கும் அனுப்பினால் போதும் என்று பலரும் கருதினர். அதைப் பெற்றவர்களுள் ஒருவர் பெரிய எழுத்தில் மட்டுமே வாசிக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்னொருவர், திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் விழிப்புலனற்ற மாணவர். இருவருக்கும் அந்தக் கோப்பு பயன்படவில்லை.

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப், அச்சுப் பக்கம் எந்தக் கருவியிலும் அப்படியே தோன்ற வேண்டும் என்பதற்காக அமைந்தது. கைத்தொலைபேசியில் அப்பக்கத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். ஈபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவிலோ எழுத்து எவ்வளவு பெருத்தாலும் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்ப மடிந்துகொள்கின்றன. ஆசிரியைக்கு அதுவே போதுமாயிற்று. அட்டவணைகளும் அடி பிரித்த கவிதைகளும் ஈபப்பில் குலையக்கூடும் என்பது உண்மை. சிறுகதைகளுக்கு அந்தக் குறை பொருட்டல்ல.

மாணவரின் சிக்கல் இன்னும் ஆழமானது. தொகுப்பு பாமினி என்ற பழைய வகைத் தமிழ் எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. அவ்வெழுத்துருவில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்பினுள் இருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே ஓர் அரைப்புள்ளிதான். எனவே திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே உச்சரித்தது. எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினோம்; இடையிடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழெழுத்துகளாக்கிச் சிதைத்துவிட்டதால், முழு நூலையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க நேர்ந்தது. யூனிகோடில் அமைந்த பி.டி.எஃப்பும் முழுத் தீர்வல்ல. அதிலிருந்து படியெடுக்கும்போது கொம்புகள் இடம்மாறி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

யூனிகோடில் உரை கிடைத்த பின், விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளியெழுத்தான பிரெய்ல் எளிதாயிற்று. தமிழ்ப் பிரெய்லில் ‘கெ’ என்பது ககரக் கலமும் (ஓரெழுத்துக்குரிய புள்ளித் தொகுதி) அதன் பின் எகரக் கலமும். யூனிகோடும் கொம்பை மெய்க்குப் பின்னரே சேமிக்கிறது. பாமினியில் கொம்பு முன்னே நிற்கும். ஆகவே உரையைப் பிரெய்லாக்கும் லிப்லூயி போன்ற இலவச மென்பொருளுக்கு யூனிகோட் உரையே ஏற்றது. ஆனால் பிரெய்ல் தடித்த தாளில் அச்சாவதால் நூல் பருத்துவிடும்; அதைத் தொடுதிரையில் வாசிக்கவும் இயலாது. எழுத்துக்கூட்டலைத் துல்லியமாக அறிய வேண்டிய மாணவருக்கோ அதற்கு ஈடில்லை.

ஒலி வடிவில் இரு வழிகள் உண்டு. ஈஸ்பீக் போன்ற செயற்கைக் குரல் உடனே கிடைக்கும். ஆனால் பம்பலப்பிட்டி, பண்டாரநாயக்க போன்ற பெயர்களின் முதலெழுத்தை அது b ஒலிக்குப் பதிலாக p ஒலியாகவே சொல்லக்கூடும். மனிதக் குரல் கதைக்கு உயிர் தரும், நேரத்தையும் உழைப்பையும் கேட்கும். எதுவாயினும் வெறும் எம்.பி.3யாகக் கொடுப்பதைவிட டெய்சி (DAISY) என்னும் ஒலிநூல் வடிவம் நன்று: தலைப்புக்குத் தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் தாவலாம். 2011இல் வந்த ஈபப் 3 எழுத்தையும் குரலையும் இணைத்து ஓடவிடவும் இடமளிக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் பி.டி.எஃப்பை நான் ஒதுக்கமாட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, பழைய இதழொன்றின் பக்கம் மாறாத படமாகக் கிடைப்பது பெரும் பேறு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் என்ற இணைய நூலகம் அத்தகைய வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை நமக்குத் தந்துவருகிறது. எனினும் படத்தில் எழுத்தில்லை. படத்திலுள்ள எழுத்தை இனங்காணும் மென்பொருளான ஒளிவழி எழுத்துணரியால் (OCR) உரையாக்கித் திருத்தினால்தான் திரைவாசிப்பான் அதைப் படிக்கும்.

அடுத்த தொகுப்புக்கு, பக்கமமைப்புக்கு முன்னரே யூனிகோட் உரையை வாங்கி, முதலில் ஈபப்பும் அதே உரையிலிருந்து பிரெய்லும் ஆக்கப்போகிறோம். மூன்று கதைகளை உறுப்பினர்கள் தம் குரலில் வாசிப்பர். எஞ்சியவை இப்போதைக்குச் செயற்கைக் குரலில். பி.டி.எஃப் கோப்பு அச்சகத்துக்கு மட்டும் போகும்.