இரண்டரை வருடமாக வெள்ளைத் தேநீர்: பினாங்கிலிருந்து என் அனுபவம்

இதற்கு முன்னால் நான் ஒரு நாளைக்கு நான்கு தே தாரேக் (டின்பால், அதாவது சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய பால் ஊற்றி ஆற்றிக் கொடுக்கும் மலேசிய டீ) குடிக்கிற ஆள். காலையில் வீட்டில் ஒன்று, பத்து மணிக்கு வேலையிடத்துக்குக் கீழே உள்ள மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. 48 வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. இனிப்புநீர் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது என்றார் டாக்டர். அந்த வாரம்தான் கூட வேலை செய்யும் சீனத் தோழி ஒரு சின்ன டின்னில் வெள்ளைத் தேயிலை கொடுத்தாள்.

செடி புதிது இல்லை. மலேசியாவின் கேமரன் மலையில் நாம் பார்க்கிற அதே தேயிலைச் செடிதான். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் ஃபூடிங், ஜெங்ஹெ என்ற இரண்டு ஊர்ப் பக்கம்தான் இதற்குப் பேர் போனவை. இலையை உருட்டுவதில்லை, வறுப்பதில்லை. பறித்து, வாடவைத்து, உலர்த்துவதோடு சரி. மொட்டு மட்டும் என்றால் வெள்ளி ஊசி, மொட்டும் ஓரிரண்டு இலையும் சேர்ந்தால் பாய் மூதான், முற்றிய இலை என்றால் ஷோ மெய். விலையும் அதே வரிசையில் இறங்கும். நான் தினமும் குடிப்பது பாய் மூதான்.

முதல் பத்து நாள் வெந்நீர் குடிப்பது போலத்தான் இருந்தது. டின்பாலில் ஊறிய நாக்கு வேறெப்படிச் சொல்லும்? மூன்றாவது வாரம் ஒரு காலையில், வைக்கோலும் லேசான தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை தானாகவே பிடிபட்டது. மொட்டின் மேல் பூனைமுடி போல மெல்லிய வெள்ளை மயிர் இருக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் பிடித்தால் அது நீரில் மிதந்து மினுங்கும். தூசி என்று நினைத்து ஆரம்பத்தில் இரண்டு தடவை கொட்டிவிட்டேன். கொட்டாதீர்கள், நல்ல மொட்டுக்கு அதுதான் அடையாளம்.

ஒரு வருடம் கழித்து அதே சராசரி சர்க்கரை 5.6. எடை நான்கு கிலோ குறைந்தது. இதை முழுக்க வெள்ளைத் தேநீரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்; அப்படி நான்கு கிளாஸ் தினமும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது. சும்மா நிறுத்தச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. கையில் பிடிக்க, ஆவி பறக்க, உட்கார்ந்து குடிக்க இன்னொன்று இருந்ததால்தான் முடிந்தது. எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான் என்று நம்புகிறேன்.

இதில் கேட்டெகின் என்ற சத்துகள் நிறைய இருப்பது உண்மை. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று பரப்புகிறவை பெரும்பாலும் சோதனைக்குழாயிலும் எலியிலும் பார்த்தவை. மனிதர்களிடம் அதிகம் ஆராய்ந்தது பச்சைத் தேநீரைத்தான்; அதில் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைவது தெரிந்திருக்கிறது. மாத்திரையாக விற்கும் தேயிலைச் சாறு பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பச்சைத் தேயிலையின் EGCG என்ற கேட்டெகினை ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தால் கல்லீரலுக்குப் பாதிப்பு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

இனி நான் பட்ட பாடு. முதல் டின் தீர்ந்ததும் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். இதில் கஃபீனே கிடையாது, ராத்திரியிலும் தாராளமாகக் குடிக்கலாம் என்றார் விற்றவர். நம்பி ஒன்பது மணிக்குக் குடித்தேன். மூன்று வாரம் இரவு ஒரு மணி வரை கண் மூடவில்லை. இளம் மொட்டில்தான் கஃபீன் அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது மாலை நான்கு மணிக்கு மேல் தொடுவதில்லை.

அடுத்தது இரத்தச்சோகை. நான் பெரும்பாலும் சைவம். கீரையும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டே, பழைய பழக்கத்தில் இந்தத் தேநீரையும் கூடவே குடித்தேன். இரண்டாம் வருடம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 10.8; பெண்களுக்கு 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தச்சோகைதான். எந்தத் தேநீராக இருந்தாலும் காய்கறி, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். நான்கு மாதத்தில் 12.4க்கு ஏறியது. மாதவிடாய் அதிகமாக உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மசாலா அலமாரியில் வைத்த ஒரு பொட்டலம் முழுக்கப் பெருங்காயம் வாடை ஏறி வீணானது. பினாங்கு ஈரக்காற்றில் இறுக்கி மூடாவிட்டால் பூசணமும் வரும். இப்போது இறுக்கமான மூடி உள்ள டின்னில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போடுவது சுலபம். 200 மில்லி நீருக்கு 3 கிராம். இலை பஞ்சு போல இருப்பதால் கரண்டி அளவு சரிவராது, சின்னத் தராசு நல்லது. கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடிகட்டுவேன். அதே இலையில் இன்னும் இரண்டு தடவை ஊற்றலாம்.

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து அக்கா போன் செய்தார். பத்து வருடமாக இனிப்புநீர் உள்ளவர். இதைக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, அதிலும் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எத்தனை வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. "மாத்திரையில கைய வெக்காதீங்கக்கா, காலையில குடிக்கிற டின்பால் டீயை மட்டும் மாத்துங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறிப் போய் என் டின்னிலிருந்து பாதியைக் கொடுத்துவிட்டு, முதல் டம்ளரை நானே போட்டுக் கொடுத்தேன். சப்பென்று இருக்கிறதே என்றார். மூன்று வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.